எந்த ஸர்வர் நல்ல ஸர்வர்?

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி நீளமான கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். வீட்டிலேயே பொடி தினுசுகளும், வடாம், வற்றல், அப்பளமும் தயாரித்து விற்கிறவர். கை மணம் ஊர் தாண்டிப் போய், இப்போது டில்லிக்கும் மும்பைக்கும் பார்சல் கட்டுகிறார். இதற்கென்று சொந்தமாக ஒரு வெப்ஸைட்டும் நடத்துகிறார். சென்ற தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, லேகியத்துக்கும் முறுக்குக்கும் ஜனங்கள் முண்டியடித்த வேளை பார்த்து, அந்த வெப்ஸைட் மயக்கம் போட்டு விழுந்துவிட்டது. பகல் பூராவும் எழுந்திருக்கவே இல்லை. வெப்ஸைட்டுக்கு இடம் வாடகைக்கு விட்டிருக்கும் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "நீங்கள் அப்பாச்சியில் இருக்கிறீர்கள் அம்மா. அதனால்தான் இப்படி. எஞ்சின் எக்ஸுக்கு மாறிவிடுங்கள். மாத வாடகை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்" என்றாராம்.

"மாறலாமா, கூடாதா? என் பிள்ளையைக் கேட்டால், 'எல்லாம் ஒன்றுதான் அம்மா' என்கிறான். தம்பி பிள்ளையைக் கேட்டால் மூன்று மணி நேரம் பேசுகிறான். இரண்டு பேர் சொன்னதும் புரியவில்லை" என்று முடித்திருக்கிறார்.

எல்லாம் ஒன்று அல்ல, சகோதரி. ஆனால் மூன்று மணி நேரமும் தேவையில்லை. உங்களைப் போலவே வீட்டிலிருந்து புடவை விற்கிறவர்கள், பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவர்கள், தையல் வகுப்பு நடத்துகிறவர்கள் என்று எத்தனையோ பேருக்கு இன்று வெப்ஸைட் இருக்கிறது. ஆகையால் பதிலை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

ஸர்வர் என்றதும் நம் மனத்தில் எழும் உருவம் எது? தோளில் துண்டும், ஒரே கையில் நாலு டம்ளருமாக வந்து, "என்ன வேண்டும் ஸார்?" என்று கேட்கிற ஹோட்டல் ஸர்வர்தானே? அந்த உருவத்தை மாற்றவே வேண்டாம். அப்படியே வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் வெப்ஸைட் என்பது எங்கோ ஒரு கட்டிடத்தில் இரவும் பகலும் அணையாமல் ஓடுகிற கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பக்கங்களும் படங்களும்தான். டில்லியில் ஓர் அம்மாள் தம் போனில் உங்கள் வெப்ஸைட்டின் பெயரைத் தட்டினால், "பருப்புப் பொடிப் பக்கம் ஒன்று!" என்று அங்கே ஆர்டர் போகிறது. அதைக் காதில் வாங்கி, உள்ளே போய் எடுத்து வந்து, மேஜையில் வைக்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் வெப் ஸர்வர் என்கிற மென்பொருள்.

உலகத்தின் முதல் வெப் ஸர்வர் 1990-ஆம் வருஷக் கடைசியில், ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள 'ஸெர்ன்' ஆராய்ச்சிக் கூடத்தில் ஓடியது. டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயரின் மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டர் அது. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற யாராவது விளக்கை அணைப்பது போல் அதையும் அணைத்துவிடப் போகிறார்களே என்று, "இது ஸர்வர், அணைக்காதீர்கள்" என்ற பொருளில் சிவப்பு மசியில் ஒரு சீட்டு எழுதி ஒட்டி வைத்திருந்தார். அவர் பயத்தைப் பாருங்கள்! அன்றைக்கு அந்தப் பெட்டியை அணைத்திருந்தால் உலகத்திலிருந்த வெப்ஸைட் அத்தனையும் அணைந்திருக்கும். அத்தனையும் என்றால் ஒன்றே ஒன்றுதான்!

அதன் பிறகு அமெரிக்காவில், இல்லினாய் சர்வகலாசாலையின் கம்ப்யூட்டர் நிலையத்தில் ராப் மக்கூல் என்ற இளைஞர் ஒரு ஸர்வரை எழுதினார். ஊர் பூராவும் அதையே உபயோகித்தது. 1994-ல் அவர் அந்த நிலையத்தை விட்டு விலகியதும் அதைக் கவனிக்க ஆள் இல்லை. ஓட்டைகளை அவரவர்கள் தனித்தனியே அடைத்துக் கொண்டிருந்தார்கள். 1995-ன் தொடக்கத்தில் பிரையன் பெலன்டார்ஃப் முதலிய எட்டுப் பேர், "நாம் அடைத்த ஓட்டைகளை எல்லாம் ஒன்று சேர்ப்போம்" என்று கூடினார்கள். அந்த வருஷம் ஏப்ரலில் முதல் பதிப்பு வந்தது. அடுத்த ஏப்ரலுக்குள் உலகத்தில் மிக அதிகமாக உபயோகத்தில் இருந்த வெப் ஸர்வர் அதுதான். பெயர் அப்பாச்சி. அமெரிக்கப் பழங்குடி மக்கள் ஒரு கூட்டத்தாரின் பெயர் அது. இலங்கையில் நம் யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கோ அப்பாச்சி என்றால் அப்பாவைப் பெற்ற பாட்டி! எழுதினவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் பெயர் பொருத்தம் பலே. இந்த அப்பாச்சியும் பாட்டியைப் போலத்தான். தெரியாத கைவேலை கிடையாது. யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது. காசும் வாங்குவது இல்லை. ஒரு கூட்டம் வந்துவிட்டால் மட்டும் மூச்சு வாங்கும்.

ஏன் மூச்சு வாங்குகிறது என்பதைத்தான் நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டும்.

அப்பாச்சியின் பழைய முறை, ஒரு மேஜைக்கு ஓர் ஆள். வந்தவர் எழுந்து போகிற வரையில் அந்த ஆள் அந்த மேஜையை விட்டு நகரமாட்டார். கேட்டதைக் கொடுத்துவிட்ட பிறகும், "இன்னும் ஏதாவது வேண்டுமா?" என்று சாதாரணமாக 5 விநாடி நின்று பார்ப்பார். உபசாரம் பிரமாதம்தான். ஆனால் அவரை வேறு மேஜைக்கு அனுப்ப முடியாது. இப்படிப்பட்ட ஆட்கள் அதிகபட்சம் 256 பேர் என்பது பெட்டியைத் திறந்ததும் இருக்கிற கணக்கு. 257-ஆவது விருந்தாளி வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அதோடு போயிற்றா? வேர்டுபிரஸ் மாதிரியான ஏற்பாட்டில் நடக்கும் வெப்ஸைட்டுகளில் பக்கங்கள் முன்கூட்டியே தயாராக அடுக்கி வைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொருவர் வந்து கேட்கும்போதும், 'பி.எச்.பி.' என்கிற அடுப்பில் புதிதாகச் சமைத்துத் தர வேண்டும். பழைய முறைப்படி அப்பாச்சியின் ஒவ்வொரு ஸர்வரும் இந்த அடுப்பைத் தலையிலேயே சுமந்து கொண்டு திரிவார். தண்ணீர் கொண்டு வரப் போனாலும் அடுப்பு தலைமேல்தான்! ஆளுக்கு 30 மெகாபைட் ஞாபகசக்தி பிடிக்கிறது என்று வையுங்கள். 256 பேருக்கு 7,680 மெகாபைட். சாமான்ய வாடகைக் கம்ப்யூட்டருக்கு அதுவே கழுத்தை முறிக்கிற பாரம்.

இதற்கு மாற்று கண்டுபிடித்தவர் ஒரு ரஷ்யர். மாஸ்கோவில் 'ராம்ப்ளர்' என்ற பிரபலமான வெப்ஸைட்டில் கம்ப்யூட்டர்களை மேற்பார்வை பார்த்துக் கொண்டிருந்த இகோர் ஸிஸோயெவ். ஒரே கம்ப்யூட்டர் ஒரே சமயத்தில் பதினாயிரம் பேரைக் கவனிக்க முடியுமா என்று அந்த நாளில் நிபுணர்கள் மண்டையை உடைத்துக் கொண்டிருந்தார்கள். ஸிஸோயெவ் 2002-ல் எழுத ஆரம்பித்து, 2004 அக்டோபரில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதுதான் எஞ்சின் எக்ஸ். இங்கே மேஜைக்கு ஓர் ஆள் என்ற பேச்சே இல்லை. மொத்தம் நாலைந்து பேர்தான். அவர்கள் நிற்பதே கிடையாது. ஒரு மேஜையில் ஆர்டர் வாங்கிச் சமையலறை ஜன்னலில் சீட்டைப் போட்டுவிட்டு, அந்த அடி எடுத்த காலோடு அடுத்த மேஜை. எது தயாராகிறதோ அதை எடுத்துக் கொண்டு போவார்கள். அடுப்பைச் சுமக்கிற வேலையும் இல்லை. அது உள்ளே தனியாக இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் 10,000 விருந்தாளிகளுக்குச் சுமார் 2.5 மெகாபைட் போதும் என்று எஞ்சின் எக்ஸ்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அப்பாச்சியின் பழைய முறையில் ஓர் ஆளுக்கே அது போதாது.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை 2009-ல் ஒரு விஷமம் ஊருக்குக் காட்டிற்று. ஒரு விருந்தாளி வருகிறான். "எனக்கு..." என்கிறான். பேசாமல் இருக்கிறான். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு..." மறுபடியும் மௌனம். ஸர்வர் பாவம், பென்ஸிலும் கையுமாக நிற்கிறார். இப்படி ஒரு முந்நூறு பேர் வந்து உட்கார்ந்து கொண்டால் அப்பாச்சி ஹோட்டல் குளோஸ்! இத்தனைக்கும் ஓர் இட்டிலி கூட விற்றிருக்காது. அந்த விஷமத்துக்கு 'ஸ்லோ லோரிஸ்' என்று பெயர் வைத்தார்கள். நம் காடுகளில் இருக்கிற தேவாங்கின் உறவுக்காரப் பிராணி அது. நகருவதற்கே நாள் பார்க்கும். ஈரான் தேர்தல் தகராற்றின் போது அந்த நாட்டுச் சர்க்கார் வெப்ஸைட்டுகள் மேல் இந்தத் தேவாங்கைத்தான் ஏவினார்கள். எஞ்சின் எக்ஸ் இதற்கு அவ்வளவாக அசைந்து கொடுக்கவில்லை. முழு ஆர்டரும் வருகிற வரையில் அங்கே யாரும் நின்று காத்திருப்பதில்லையே!

இவ்வளவும் படித்த பிறகு, "கம்பெனிக்காரர் சொன்னது சரிதான். மாறிவிட வேண்டியதுதான்" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

அப்பாச்சி அந்தக் காலத்துப் பாட்டியாகவே இருந்துவிடவில்லை. 2010-ல் தேவாங்குக் கூட்டத்தை இத்தனை விநாடிக்குள் ஆர்டர் சொல்லாவிட்டால் எழுப்பி அனுப்பிவிடும் ஏற்பாடு வந்தது. 2012-ல் வெளிவந்த 2.4 பதிப்பில், காத்திருக்கிற விருந்தாளிகளுக்காக ஆட்களை நிறுத்தி வைக்காத புது முறையும் பக்குவமாகிவிட்டது. அடுப்பையும் தலையிலிருந்து இறக்கித் தனி அறையில் வைக்கலாம். ஆகையால், "அப்பாச்சி என்றாலே மந்தம்" என்று ஒருவர் இன்றைக்குச் சொன்னால், அவர் தம்முடைய அப்பாச்சியைப் பழைய முறையிலேயே ஓட்டிக் கொண்டிருக்கிறார் என்று சந்தேகிக்கலாம்.

இன்னொன்று. எஞ்சின் எக்ஸ் வேகமாக நடக்கும். சமையல் வேகமாக நடக்காது! உங்கள் வெப்ஸைட் தீபாவளியன்று விழுந்ததற்குக் காரணம் பரிமாறினவரா, சமையற்கட்டா? கடிதத்தில், 'முகப்புப் பக்கம் வந்தது, ஆனால் வர ஒரு நிமிஷம் ஆயிற்று. ஆர்டர் போடும் பக்கம் வரவே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பார்த்தால் எனக்குச் சமையற்கட்டின் மேல்தான் சந்தேகம். ஒரே முகப்புப் பக்கத்தை வருகிற ஆயிரம் பேருக்கும் ஆயிரம் தடவை அரைத்துக் கரைத்துச் சமைத்திருக்கிறது. ஒரு தடவை செய்து பாத்திரத்தில் எடுத்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்தே எடுத்துப் போட்டிருக்கலாம். இதற்குக் 'காஷ்' என்று பெயர். பணத்தைக் குறிக்கிற காஷ் அல்ல. அப்பாச்சியிலும் செய்யலாம், எஞ்சின் எக்ஸிலும் செய்யலாம். தம்பி பிள்ளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். போனில் எடுத்த போட்டோவைச் சுருக்காமல் அப்படியே முறுக்குப் படமாகப் போட்டிருந்தால் அதையும் சுருக்கச் சொல்லுங்கள். நாலைந்து மெகாபைட் முறுக்கை எந்த ஸர்வரும் ஓடி ஓடித் தூக்க முடியாது.

இனி வருவதுதான் முக்கியமான விஷயம். இதற்கு நாம் ஹோட்டலை விட்டு வாடகை வீட்டுக்கு வர வேண்டும்.

உங்கள் வெப்ஸைட் இருக்கிற கம்ப்யூட்டரில் நீங்கள் மட்டும் குடியிருக்கவில்லை. அது ஓர் ஒண்டுக் குடித்தன வீடு. உங்களோடு இன்னும் நூறு, இருநூறு வெப்ஸைட்டுகள் அதே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகின்றன. வீட்டுச் சட்டத்திட்டமெல்லாம் வீட்டுக்காரர் கையில். ஆனால் அப்பாச்சி தன் குடித்தனக்காரர்களுக்கு ஒரு பெரிய சுதந்தரம் கொடுத்திருக்கிறது. அவரவர் அறைக் கதவில் அவரவர் ஒரு சீட்டு எழுதி ஒட்டிக் கொள்ளலாம். "இந்த அறைக்குள் வெளியார் வரக் கூடாது." "பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புது முகவரிக்கு அனுப்பவும்." வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியதில்லை, ஒட்டின நிமிஷமே அமல். 'எச்.டி.ஆக்ஸஸ்' என்று அந்தச் சீட்டுக்குப் பெயர். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருப்பதால் சாதாரணமாய்ப் பார்க்கிறவர் கண்ணில் படாது.

இதில் அசௌகரியம் இல்லாமலா? யாராவது உள் அறையிலிருந்து ஒரு பொருள் கேட்டால் அப்பாச்சி வாசற்கதவில் சீட்டு உண்டா என்று பார்க்கும், ரேழியில் பார்க்கும், கூடத்தில் பார்க்கும், அப்புறம்தான் உள் அறை. சீட்டே இல்லாவிட்டாலும் பார்த்துக் கொண்டுதான் போகும். ஒரு பக்கத்தில் முப்பது படம் இருந்தால் முப்பது தடவையும் இதே கதை. "தலைமைப் புத்தகத்தில் எழுத உங்களுக்கு உரிமை இருந்தால் சீட்டு ஒட்டும் வேலையே வேண்டாம்" என்று அப்பாச்சியின் கையேடே சொல்கிறது. ஆனால் ஒண்டுக் குடித்தனக்காரருக்குத் தலைமைப் புத்தகம் ஏது? சிறிய வெப்ஸைட்டுக்கு இந்தத் தாமதம் உறைக்கவும் உறைக்காது.

எஞ்சின் எக்ஸோ சீட்டுக்களைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது ஒரே புத்தகம். அது வீட்டுக்காரரின் பெட்டியில். அதனால்தான் அத்தனை வேகம். இப்போது நீங்கள் கம்பெனிக்காரர் சொற்படி மாறுகிறீர்கள். உங்கள் சாமான்கள் எல்லாம் அப்படியே புது வீட்டுக்கு வருகின்றன. சீட்டுக்களும் கதவில் ஒட்டியபடியே வருகின்றன. ஆனால் அங்கே இருக்கிற காவற்காரருக்கு அவற்றைப் படிக்கிற வழக்கம் கிடையாது! உள் பக்கங்களைத் தட்டினால், "அப்படி ஒரு பக்கம் இல்லை" என்று வரும். அதுவாவது கண்ணுக்குத் தெரிகிற தொல்லை. அன்றைக்கே சத்தம் போட்டுச் சரி செய்து கொள்வீர்கள். தெரியாத தொல்லை ஒன்று இருக்கிறது.

உங்கள் வாடிக்கைக்காரர்களின் பெயர், முகவரி, போன் நம்பர், யார் எதை எப்போது வாங்கினார்கள் என்ற ஜாபிதா எல்லாம் அந்த வெப்ஸைட்டுக்குள் இருக்கின்றன. அவற்றுக்கு வாரா வாரம் நகல் எடுத்து ஓர் அறையில் போட்டு வைக்கும் துணை மென்பொருள்கள் உண்டு. அறைக்குள் வெளியார் வராதிருக்க அவற்றில் பல செய்கிற ஏற்பாடு, அந்தச் சீட்டு ஒன்றை ஒட்டுவதுதான். அப்பாச்சியில் அது பூட்டுக்குச் சமானம். எஞ்சின் எக்ஸில் வெறும் காகிதம். அறையின் முகவரியை ஊகித்து வருகிற எவனும் நகலை அப்படியே அள்ளிக் கொண்டு போகலாம். பார்சல் வாங்குகிற அந்த டில்லி அம்மாள் தனியாகக் குடியிருக்கிறவராகக் கூட இருக்கலாம். உங்கள் பருப்புப் பொடியை நம்பி முகவரி கொடுத்தவர். வெப்ஸைட் ஒரு நாள் படுத்தால் போவது ஒரு நாள் வியாபாரம். இது அப்படியல்ல, திறந்து கிடப்பது மாதக் கணக்கில் தெரியாமலே போகலாம்.

எஞ்சின் எக்ஸின் மேல் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. சீட்டில் இருந்ததைத் தலைமைப் புத்தகத்தில் இரண்டு மூன்று வரியாக எழுதிவிட்டால் அங்கேயும் பூட்டு பூட்டுத்தான். எழுதுவது யார் என்பதுதான் கேள்வி. அந்தப் புத்தகத்தில் நீங்கள் கை வைக்க முடியாது. கம்பெனிக்காரர் எழுத வேண்டும். "வாடகை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்" என்றாரே, அந்த 'அவ்வளவுதானில்' இது சேர்த்தியா என்று கேட்டீர்களா?

இந்த இரண்டு பேரைத் தவிர வேறு ஸர்வர்கள் இல்லையா என்றால், உண்டு. 'லைட்ஸ்பீடு' என்று ஒன்று. நடப்பது எஞ்சின் எக்ஸைப் போல, கதவுச் சீட்டைப் படிப்பது அப்பாச்சியைப் போல. ஒண்டுக் குடித்தனத்துக்கு நல்ல ஜோடி. ஆனால் முழு வசதியும் உள்ள பதிப்பு இலவசம் அல்ல. வாடகைக் கம்பெனி பணம் கட்டி வாங்கியிருக்க வேண்டும். மைக்ரோஸாப்டின் 'ஐ.ஐ.எஸ்.' விண்டோஸோடு வருவது. ஜன்னல் ஜன்னலாகத் திறந்து எலியால் தட்டியே வேலையை முடிக்கலாம். பெரிய ஆபீஸ்களுக்குச் சரி. அப்பளம் விற்க விண்டோஸுக்குப் பணம் கட்டுவானேன்?

மாட் ஹோல்ட் என்பவர் 2015-ல் வெளியிட்ட 'காடி' என்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வெப்ஸைட் முகவரியின் பக்கத்தில் பூட்டுப் படம் வருவதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும் அல்லவா? அதைத் தானே வாங்கி, கெடு முடிவதற்குள் தானே புதுப்பித்துக் கொள்ளும் சமர்த்து இந்தக் காடிக்கு உண்டு. 2029 மார்ச் 15 முதல் அப்படிப்பட்ட புதுச் சான்றிதழ் எதற்கும் 47 நாளுக்கு மேல் ஆயுள் கூடாது என்று, அவற்றைக் கொடுக்கிறவர்களும் பிரௌஸர் கம்பெனிகளும் சேர்ந்த சபை 2025-ல் தீர்மானித்துவிட்டது. ஆகவே புதுப்பிக்கிற வேலையை ஞாபகத்தை நம்பி விடுகிறவர் பாடு திண்டாட்டம்தான். உங்கள் கம்பெனி எந்த ஸர்வரை வைத்திருந்தாலும், இது தானாக நடக்கிறதா என்று விசாரித்துக் கொள்ளுங்கள். காடி ஒண்டுக் குடித்தனத்துக்கு உகந்தது அல்ல. தனி வீடு எடுத்துப் பார்த்துக் கொள்ளத் தெரிந்த தம்பி பிள்ளைகளுக்கு உகந்தது.

"எது பத்திரம்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓட்டை இல்லாத ஸர்வர் இன்னும் பிறக்கவில்லை. 2001 ஜூலையில் 'கோட் ரெட்' என்ற புழு ஐ.ஐ.எஸ். ஓடிய கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தது. ஒரே நாளில் மூன்றரை லட்சத்துக்கு மேல்! இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கிற மருந்தை மைக்ரோஸாப்ட் ஒரு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. போட்டுக் கொள்ளத்தான் ஆள் இல்லை. அப்பாச்சி மட்டும் என்ன வாழ்ந்தது? 2021-ல் வந்த 2.4.49 பதிப்பில், வெளியாருக்கென்று வைக்காத அறைகளில் இருப்பதைச் சுவரேறிக் குதித்துப் படிக்கிற வழி ஒன்று இருந்தது. அக்டோபர் 4-ல் அடைத்தார்கள். அடைத்தது சரியாக அடைபடவில்லை. 7-ஆம் தேதி மறுபடியும் அடைத்தார்கள். மூன்று நாளில் இரண்டு முறை! அந்த வாரம் உங்கள் வீட்டுக்காரர் தூங்கிக் கொண்டிருந்தாரா, விழித்துக் கொண்டிருந்தாரா என்பதில்தான் உங்கள் பத்திரம் இருந்தது. அப்பாச்சி என்ற பெயரில் இல்லை.

சொந்தக்காரர் யார் என்ற கேள்வியும் ஒன்று இருக்கிறது. அப்பாச்சி ஒரு தர்ம ஸ்தாபனத்தின் சொத்து, 1999-லிருந்து அப்படித்தான். எஞ்சின் எக்ஸை 'எஃப்5' என்ற அமெரிக்கக் கம்பெனி 2019-ல் 67 கோடி டாலருக்கு வாங்கிற்று. அந்த வருஷம் டிஸம்பரிலேயே, "எங்கள் சம்பளத்தில் இருந்தபோது எழுதியது, எங்களுக்கே சொந்தம்" என்று ராம்ப்ளர் கம்பெனி கிளம்ப, மாஸ்கோ ஆபீஸில் போலீஸார் சோதனை போட்டார்கள். 2022-ல் ஸிஸோயெவ் விலகினார். 2024-ல் பழைய சகா ஒருவர், 'ஃப்ரீ எஞ்சின் எக்ஸ்' என்று தனிக் குடித்தனம் வைத்துவிட்டார். இலவசப் பதிப்பு இலவசமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு இதனால் இன்றைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பாகப்பிரிவினைக் கதை சுவாரசியமாக இருக்கிறதே என்று சொன்னேன்.

சரி, மாம்பலத்துச் சகோதரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்போது மாற வேண்டாம். முதலில் காஷ் ஏற்பாட்டைச் செய்யுங்கள், படங்களைச் சுருக்குங்கள். கம்பெனிக்காரரிடம், "உங்கள் அப்பாச்சி பழைய முறையில் ஓடுகிறதா, புது முறையிலா? பி.எச்.பி. தனியாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்கிற தோரணையிலேயே பாதி வேலை நடக்கும்! இத்தனையும் செய்து, அடுத்த தீபாவளிக்கும் மூச்சு வாங்கினால் அப்போது மாறலாம். அப்படி மாறுகிறபோதும், எஞ்சின் எக்ஸை வாசலில் நிறுத்தி, அப்பாச்சியை உள்ளே வைத்துக் கொள்கிற கூட்டுக் குடும்ப ஏற்பாடு உண்டு. பெரிய இடங்களில் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். மாமியாரும் மருமகளும் ஒற்றுமையாக இருக்கிற அபூர்வக் குடும்பம் அது. ஆனால் அதிலும், படங்களையும் கோப்புகளையும் வாசலில் இருக்கிறவரே நேராக எடுத்துக் கொடுக்கிறபடி அமைத்திருந்தால், உள்ளே இருக்கிற சீட்டை யாரும் பார்ப்பதில்லை. அதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

மாறின அன்றே செய்ய வேண்டிய பரீட்சை ஒன்று. நகல்கள் இருக்கிற அறையின் முழு முகவரியையும், அதில் உள்ள ஒரு கோப்பின் பெயரையும் தம்பி பிள்ளையிடம் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். உங்கள் போனில் பார்க்காதீர்கள். அதற்கு உங்களைத் தெரியும். எதிர்வீட்டு அம்மாளின் போனை வாங்கி அந்த முகவரியைத் தட்டுங்கள். '403' என்ற எண் வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. போனை நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டு வடாம் பிழியப் போகலாம். கோப்பு இறங்க ஆரம்பித்தால், அந்த இடத்திலிருந்தே கம்பெனிக்காரரைக் கூப்பிடுங்கள். புத்தகத்தில் அந்த இரண்டு வரியை அவர் எழுதி முடிக்கிற வரையில் போனைக் கீழே வைக்காதீர்கள்.